மழைக்கு இறுகும் கதவு, வெயிலுக்கு வெடிக்கும் கதவு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவுப் பயிற்றுநர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக வெளியிடுகிறோம்.)



என்னைப் பேசச் சொன்ன விஷயம் கதவு. ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து அலுவலகப் பதிவேட்டில் கதவுப் புகார்தான் அதிகம் என்று செயலாளர் சொன்னார். சாத்தினால் திறக்க முடியவில்லை, தாழ்ப்பாள் குழியில் உட்காரவில்லை, அடியில் உப்பிவிட்டது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். போன மாதம் பி பிளாக்கில் ஒரு பெரியவர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். கதவை உடைத்துத்தான் வெளியே அழைத்து வந்தார்கள். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஆசாரியை மொத்தமாக வரவழைத்து எல்லாக் கதவையும் இப்போதே இழைத்துவிடுவது. இரண்டு, பராமரிப்பு நிதியில் இருந்து எல்லாக் குளியலறைக் கதவுகளையும் பி.வி.சி. கதவாக மாற்றிவிடுவது. இரண்டுமே நல்ல எண்ணத்தில் வந்தவைதான். ஆனால் கை தூக்குவதற்கு முன்னால் மரம் ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒரு இருபது நிமிடம் பார்த்துவிடலாம். செலவு குறையலாம், ஆபத்தும் குறையலாம்.

முறுக்கும் மரமும் ஒன்றுதான்

டப்பாவைத் திறந்து வைத்தால் முறுக்கு நமுத்துப் போகிறது. நமுத்த அப்பளத்தை வெயிலில் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகிறது. மரமும் அப்படித்தான். வெட்டி இருபது வருடம் ஆனாலும், பாலிஷ் போட்டாலும், மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருக்கும். செத்த மரம்தானே என்று நினைக்கக் கூடாது.

மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வார்கள். ஒரு துண்டு மரம் 58 கிராம் இருக்கிறது. அதை அடுப்புப் பெட்டியில் 103 டிகிரி சூட்டில், எடை இனிக் குறையாது என்கிற வரை காயவைத்தால் 50 கிராம் நிற்கிறது. போனது 8 கிராம் தண்ணீர். 8-ஐ 50-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 16 சதவீதம். இதுதான் மரத்தின் ஈரப்பதம். காய்ந்த எடையால் வகுக்கிறோம் என்பதால், அன்று வெட்டிய பச்சை மரத்தில் இது நூறு சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. குழாய் போன்ற நுண்ணறைகளின் உள்ளே நிற்பது ஒன்று, அந்த அறைகளின் சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. முதலில் உள்ளே நிற்கும் தண்ணீர் போகும். அப்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. சுமார் 28, 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் சுவரில் ஊறிய ஈரம் வெளியேற ஆரம்பிக்கும். அங்கிருந்துதான் மரம் சுருங்கும். மறுபடி ஈரம் ஏறினால் அதே பாதையில் விரியும். நம் கதவுப் பிரச்சினை முழுக்க இந்த 30 சதவீதத்துக்குக் கீழே நடப்பதுதான்.

காற்றின் ஈரம் முடிவு செய்கிறது

மழை நாளில் செல்போனில் 'ஹியூமிடிட்டி 85' என்று காட்டும். அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் 85 சதவீதம் இப்போது இருக்கிறது என்று அர்த்தம். ஒரே மாதிரியான காற்றில் பல நாள் இருந்தால் மரம் ஒரு கணக்குக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் வாங்காது, கொடுக்காது. 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்தில் 6 சதவீதம்.
காற்றில் 50 என்றால் மரத்தில் 9.
காற்றில் 65 என்றால் மரத்தில் 11 முதல் 12.
காற்றில் 80 என்றால் மரத்தில் 16.
காற்றில் 90 என்றால் மரத்தில் 20.

கடைசி வரிகளைக் கவனியுங்கள். 30-ல் இருந்து 50-க்குக் காற்று ஏறும்போது மரத்தில் 3 சதவீதம்தான் கூடுகிறது. 80-ல் இருந்து 90-க்குப் பத்தே புள்ளி ஏறினால் 4 சதவீதம் கூடுகிறது. அடைமழை நான்கு நாள் நீடித்தால் கதவு திடீரென்று இறுகுவதற்கு இதுதான் காரணம்.

வெப்பம் என்ன செய்கிறது?

"வெயிலுக்குக் கதவு விரிந்துவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். பால்கனி இரும்பு கிரில் வெயிலில் விரியும், உண்மைதான். மரம் வெறும் சூட்டுக்கு விரிவது கண்ணுக்கே தெரியாத அளவு. வெயில் மரத்தைச் சுருக்கத்தான் செய்யும். அது காற்றின் வழியாகச் செய்கிறது.

ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். பத்து டிகிரி ஏறினால் கொள்ளளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காலை ஆறு மணிக்கு 22 டிகிரி, ஈரப்பதம் 85 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஏறக்குறைய 16.5 கிராம் நீராவி இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு 34 டிகிரி. காற்றில் ஒரு சொட்டு நீராவிகூடக் குறையவில்லை என்றாலும் ஈரப்பதம் 44-க்கு வந்துவிடும். கொடி காய்வது இதனால்தான், மரம் காய்வதும் இதனால்தான்.

அப்படியானால் கதவு காலையில் இறுகி மதியம் தளர வேண்டுமே என்று கேட்கலாம். அவ்வளவு வேகமாக மரம் மாறாது. ஒன்றேகால் அங்குலக் கதவுக்குள் ஈரம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் தாமதம். மேல்தோல் மட்டும்தான் தினம் மாறும். உள் மரம் பல வாரச் சராசரியைப் பின்பற்றும். அதனால்தான் மழை ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துப் புகார் வருகிறது. மழை நின்ற மறுநாளே கதவு சரியாகிவிடவும் செய்யாது.

நம்ம ஊர்க் காற்று

சென்னையில் கடல் இருக்கிறது. வருடம் முழுக்கக் காற்றில் ஈரம் அதிகம், ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. நம் தர்மபுரி கடலுக்கு வெகுதூரத்தில், மேட்டு நிலத்தில் இருக்கிறது. மாசி, பங்குனி, சித்திரையில் காற்று வறண்டு உதடு வெடிக்கும். ஆவணியில் இருந்து கார்த்திகை வரை இரண்டு பருவமழையின் ஈரமும் நமக்கு உண்டு. அதனால் நம் வீட்டு மரம் ஒரே வருடத்தில் நன்றாகச் சுருங்கியும் நன்றாக விரிந்தும் ஆக வேண்டியிருக்கிறது.

இதை நம் முன்னோர்கள் கணக்குப் போடாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். கோடையில் வண்டிச் சக்கரத்தின் வட்டையும் ஆரக்காலும் காய்ந்து சுருங்கி, மேலே போட்ட இரும்புப் பட்டா கழலும். சக்கரத்தைக் குளத்திலோ ஆற்றிலோ ஊறப்போட்டால் மரம் விரிந்து பட்டா இறுகிவிடும். மண்வெட்டிக் காம்பு ஆடினால் இன்றும் வாளித் தண்ணீரில்தானே போடுகிறோம்? அந்த வித்தையேதான் மழைக்காலத்தில் உங்கள் கதவை நிலையோடு இறுக்குகிறது.

எவ்வளவு விரியும்?

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு விரியாது. நீளவாக்கில் விரிவு மிகமிகக் குறைவு. அகலவாக்கில்தான் அதிகம். அதிலும் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் விரிவது, நடுவில் இருந்து பட்டையை நோக்கிய திசையில் விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தேக்கை எடுத்துக்கொள்வோம். பச்சையில் இருந்து முழுக்கக் காயும்வரை வளைய வாக்கில் 5.8 சதவீதமும், மறு வாக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும். மரங்களில் இது மிகக் குறைவான கணக்கு. தேக்குக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல நாட்டு மரங்களும் இறக்குமதி மரங்களும் இதைவிட அதிகம் அசையும்.

கோடையில் கதவு மரத்தின் ஈரம் 9, மழையில் 15 என்று கொள்வோம். 6 சதவீத மாற்றத்துக்குத் தேக்கு வளைய வாக்கில் நூற்றுக்குச் சுமார் 1.2 பங்கு விரியும். 80 சென்டிமீட்டர் அகலக் கதவை ஒரே பலகைப் பரப்பாகச் செய்திருந்தால் 9 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். எந்த நிலையும் தாங்காது.

அதனால்தான் பழைய ஆசாரிகள் சட்டக் கதவு செய்தார்கள். இரண்டு பக்கமும் நாலு அங்குலச் சட்டம், நடுவில் பலகை. பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் காடியில் சும்மா உட்காரவைப்பார்கள். அது காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். வெளி அளவில் அசைவது அந்த இரண்டு சட்டங்களின் அகலம் மட்டும்தான். நாலும் நாலும் எட்டு அங்குலத்துக்கு 2 மில்லிமீட்டர் சொச்சம். நிலைக்கும் கதவுக்கும் இடையே பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் சந்து விட்டிருந்தால் இது தாராளமாக அடங்கும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் தலைமுறை தாண்டி நிற்பதில் மரத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்த வேலைப்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு.

யாராவது அந்தக் காடியில் பெவிகால் ஊற்றி ஒட்டினாலோ, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே கெட்டியாகப் பெயின்ட் அடைத்து இறுகினாலோ, கோடையில் பலகை சுருங்க வழியில்லாமல் நடுவே வெடிக்கும். போன சித்திரையில் மூன்று நான்கு வீட்டு வாசற்கதவில் நீள விரிசல் வந்ததே, அது இந்த வகைதான்.

மழையில் இழைக்கக் கூடாது

இப்போது முதல் யோசனைக்கு வருகிறேன். இன்று கதவு தன் முழு விரிவில் இருக்கிறது. இன்று இறுகும் இடத்தை இழைத்துவிட்டால் பங்குனியில் அந்த இடத்தில் விரல் நுழையும் சந்து விழும். தாழ்ப்பாள் எட்டாது, பூட்டு நாக்கு பிடிக்காது. வாசற்கதவாக இருந்தால் பாதுகாப்பும் போச்சு. இழைத்த மரத்தை ஒட்டிவைக்க முடியாது. இழைத்த பிறகு அந்த ஓரத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் வேகமாக ஈரம் குடிக்கும்.

முதலில் கதவு நிஜமாகவே விரிந்ததா என்று பாருங்கள். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கதவுச் சந்தில் விட்டு மேலிருந்து கீழே இழுங்கள். பூட்டுப் பக்கம் முழுக்க மாட்டினால் மரம் விரிந்திருக்கிறது. பூட்டுப் பக்கம் மேல் முனையில் மட்டும் மாட்டி, அடியில் தரை உரசினால் மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. அதற்கு ஸ்குரூவை முடுக்கினால் போதும், பழைய ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தால் நீள ஸ்குரூ போட வேண்டும். நான் ஏ பிளாக்கில் பார்த்த ஏழு கதவில் மூன்று இந்த வகை. மழைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உண்மையாகவே விரிந்த கதவுக்குத் தற்காலிகமாக மெழுகுவத்தியை ஓரத்தில் தேயுங்கள். தை, மாசி வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் மாட்டினால் மெல்லிசாக இழைத்து, அன்றே ஓரத்தை அடைத்துவிடலாம்.

குளியலறைக் கதவு வேறு கதை

நம் குளியலறைகளில் இருப்பது பிளஷ் டோர். உள்ளே கட்டை அடைத்து, இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டியது. பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் காற்றின் ஈரத்துக்கு அது அதிகம் விரியாது. அதைக் கெடுப்பது நேரடித் தண்ணீர். அடி ஓரத்தில் வெட்டு முனை இருக்கிறது. மரத்தின் வெட்டு முனை, பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். தினம் தெறிக்கும் தண்ணீர் அதில் ஏறி, பசை விட்டு, அடுக்கு பிரிந்து உப்புகிறது. நம் கதவுகளின் அடி ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை ஒன்றில்கூடப் பிரைமர் இல்லை.

ஆகவே கதவுகளை மூன்றாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து. அடுக்கு பிரிந்தவை, அழுகியவை கட்டாயம் மாற்ற வேண்டும். பி.வி.சி. தாராளமாகப் போடலாம். கீல் தளர்ந்தவற்றை முடுக்கினால் போதும். மற்றவற்றைக் கழற்றி, நன்றாகக் காயவிட்டு, மேல் ஓரம், அடி ஓரம் உட்பட ஆறு பக்கமும் பிரைமரும் எனாமலும் இரண்டு கோட் அடித்து, அடியில் அலுமினியப் பட்டை தைக்கலாம். பெயின்ட் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். அந்தத் தாமதமே நமக்குப் போதும். ஒரு பக்கம் மட்டும் அடித்து மறுபக்கம் விட்டால் ஈரம் ஏறுவதில் வித்தியாசம் வந்து கதவு வளையும், அதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, பணத்தைவிட முக்கியமானது. குளியலறைக் கதவுக்கு உள்ளே மட்டும் போடும் நீளத் தாழ்ப்பாள் வேண்டாம். வெளியில் இருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற பூட்டு கிடைக்கிறது. பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் முதலில் அதை மாற்றுங்கள். மரக் கதவு, பி.வி.சி. கதவு எதுவானாலும் இது வேண்டும். பி.வி.சி.க்கும் கீல் தொங்கும், உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அதையும் உடைக்கத்தான் வேண்டிவரும்.

புதிதாக வாங்கும்போது

இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 287 என்று ஒன்று உண்டு. காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, எந்த வேலைக்கு மரம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. 50 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ள கதவு, ஜன்னல் மரத்துக்கு, சராசரி 50 முதல் 67 வரை உள்ள மண்டலத்தில் உச்ச வரம்பு 12 சதவீதம். கடையில் "நன்றாகக் காய்ந்த மரம் சார்" என்று சொன்னால், மீட்டர் வைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி அது. சங்கத்துக்கு ஒன்று வாங்கி வைக்கலாம். கட்டித் தந்தவரிடம் ஏதாவது கேட்பதென்றாலும் அளந்து எழுதிய குறிப்பு கையில் இருந்தால்தான் பேச்சு நிற்கும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து 5 ஆண்டுக்குள் வேலைத் தரத்தில் குறை கண்டு தெரிவித்தால் அவர்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

மரத்தின் இனத்திலேயே சந்தேகம் என்றால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம். துண்டு கொடுத்தால் பரிசோதித்துச் சொல்வார்கள்.

தீர்மானத்தை நிராகரிக்கச் சொல்லவில்லை. முதலில் ஒவ்வொரு கதவையும் பார்த்துப் பட்டியல் எடுப்போம், பிறகு எண்ணிக்கையை முடிவு செய்வோம் என்றுதான் கேட்கிறேன். பட்டியல் எடுக்க நான் வருகிறேன், கூட இரண்டு இளைஞர்கள் வேண்டும்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

*சென்னையில் இருந்து கொண்டுவந்த கட்டில் இங்கே வந்ததும் விரிசல் விட்டது. மரம் மோசமா?*

அப்படிச் சொல்ல முடியாது. அங்கே ஈரக் காற்றுக்குப் பழகிய மரம் இங்கே கோடையில் சுருங்கியிருக்கும். விரிசலில் உடனே பட்டி அடைக்காதீர்கள். மழையில் மரம் திரும்ப விரியும்போது அடைத்த பட்டி பிதுங்கும் அல்லது பக்கத்தில் புது விரிசல் விடும். ஒரு முழு வருடம் பார்த்துவிட்டுச் சரிசெய்யுங்கள்.

*கோடையில் ஏர் கூலர் வைக்கிறோம். அலமாரிக் கதவு உப்புகிறது. காரணம் அதுதானா?*

இருக்கலாம். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் கோடையிலேயே வீட்டுக்குள் மழைக்கால ஈரம் வந்துவிடும். பார்ட்டிகிள் போர்டு அலமாரி என்றால் ஒருமுறை உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. எதிர் ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று அலமாரிமேல் நேராக அடிக்க வேண்டாம்.

*மழையில் நிலைக்காலின் அடி கறுத்துப்போகிறது. கரையானா?*

கரையான் என்றால் மண் கோடு தெரியும். வெறும் கறுப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சை வளராது. வீடு துடைக்கும்போது மாப்பை நிலைக்காலில் முட்டி நிறுத்தாதீர்கள். அடியைக் காயவிட்டுப் பிரைமர் அடியுங்கள். மண் கோடு தெரிந்தால் அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள், அது ஒரு வீட்டோடு நிற்காது.

(கூட்டத்தின் முடிவு: கதவுப் பட்டியல் எடுத்த பிறகு தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைப்பது என்றும், வெளியில் இருந்து திறக்கக்கூடிய பூட்டு வேண்டுவோருக்குச் சங்கம் மொத்தமாக வாங்கித் தருவது என்றும் ஏற்கப்பட்டது. பூட்டு வேண்டுவோர் அலுவலகப் பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதவும்.)